2028 மகாமகத்துக்கு முன்பாக நம் தெருச் சுவர்களில் எழுத வேண்டியவை: கும்பகோணம் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

வணக்கத்திற்குரிய மேயர் அவர்களுக்கும், மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

2028-ஆம் ஆண்டு மகாமகம் நெருங்கி வருகிறது. சாலை, வடிகால், படித்துறை, குடிநீர், கழிப்பறை, தெருவிளக்கு என்று நீண்டதொரு பணிப் பட்டியலுக்கு மதிப்பீடு போட்டு, அரசிடம் நிதி கேட்டு, ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பட்டியலின் கடைசி வரியிலாவது இடம்பெற வேண்டிய ஒரு சிறு பணியை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்நகரில் வாழ்ந்து, படித்து, பணியாற்றித் தமிழ்நாட்டின் போக்கையே மாற்றிய மனிதர்களோடு தொடர்புடைய இடங்களை முறையாகப் பதிவு செய்ய வேண்டும். ஆதாரத்தோடு சரிபார்த்து, நான்கைந்து வரிகளில் எழுதிய பலகைகளை அவ்விடங்களில் பதிக்க வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான். ஆனால் இதை ஏன் இப்போது செய்ய வேண்டும், எப்படிச் செய்யக் கூடாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

கோயில்களைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கும்பேசுவரரையும் சாரங்கபாணியையும் சக்கரபாணியையும் தேடி வருகிறவர்களுக்கு வழி சொல்லப் பலகை இருக்கிறது, வழிகாட்டி இருக்கிறார், தலபுராணப் புத்தகம் சன்னதிக் கடையிலேயே கிடைக்கிறது. மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களைப் பார்ப்பவருக்குத் தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் பெயர் எப்படியோ காதில் விழுந்துவிடுகிறது. நெடுஞ்சாலையெங்கும் பித்தளை டபராவைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டு ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கும் காபிக் கடைகளின் புண்ணியத்தில் ஊரின் பெயருக்கும் விளம்பரக் குறைவில்லை. குறை இருப்பது வேறோர் இடத்தில். கும்பகோணம் நகராட்சியானது 1866-இல். அந்த ஆண்டு தொடங்கி இன்றுவரையிலான நவீன காலத்துக் கும்பகோணத்தை, தெருவில் நடக்கும் ஒருவர் கண்ணால் அறிந்துகொள்ள ஒழுங்கான ஏற்பாடு எதுவும் இல்லை.

ஏற்பாடு இல்லாத இடத்தில் தவறான தகவல் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊர் வரலாறு பற்றிய வினாடி வினா நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்குக் கேள்வித்தாள் தயாரித்துக் கொடுப்பவன் என்ற முறையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். “கும்பகோணத்தில் பிறந்த கணித மேதை யார்?” என்ற கேள்வியும் “சீனிவாச ராமானுஜன்” என்ற விடையும் ஆண்டு தவறாமல் வந்து சேருகின்றன. ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில், 1887 டிசம்பர் 22-இல். கும்பகோணத்தில் பிறந்தவர் வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன், ஆண்டு 1925. பிறந்த ஊரை மாற்றிச் சொல்வதால் ராமானுஜனுக்கு நட்டமில்லை. ஆனால் ஓர் ஊர் தனக்கு உரியது எது, இல்லாதது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல் பெருமை மட்டும் பேசினால், உரியதைச் சொல்லும்போதும் கேட்பவருக்கு நம்பிக்கை வராது.

நவீன கும்பகோணத்தின் கதை காவிரிக் கரைக் கல்லூரியிலிருந்து தொடங்குகிறது. 1854-இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கி 1867-இல் கல்லூரியாக உயர்ந்த அந்த நிறுவனத்தைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று ஒரு காலத்தில் அழைத்தார்கள். கேம்பிரிட்ஜில் பயின்றவரான முதல்வர் வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டரும், அவரோடு பணியாற்றிப் பின்னர் முதல்வர் பொறுப்பேற்ற கோபால் ராவும் அந்தப் பெயருக்குக் காரணமானவர்கள். இருவர் பெயரும் ஊரில் இன்றும் புழங்குகின்றன. போர்ட்டர் டவுன் ஹாலில் கச்சேரி கேட்டவர்களும், கோபால் ராவ் நூலகத்தில் நாளிதழ் புரட்டியவர்களும் ஏராளம். ஆனால் போர்ட்டர் யார் என்று கேட்டால், வெள்ளைக்காரக் கலெக்டர் என்று சொல்பவர்களும் உண்டு, ரயில்வே அதிகாரி என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு கல்லூரி ஆசிரியரின் பெயரைத் தன் நகர மண்டபத்துக்கும், இன்னோர் ஆசிரியரின் பெயரைத் தன் பொது நூலகத்துக்கும் சூட்டிய ஊர் இது. கலெக்டர்களும் கவர்னர்களும் பெயர் பெற்றிருந்த காலத்தில் இப்படிச் செய்ததே ஒரு செய்தி. அதை அந்த வாசலில் எழுதி வைக்கலாம் அல்லவா?

அந்தக் கல்லூரிக்கு 1880 பிப்ரவரியில், மாதம் ஐம்பது ரூபாய் சம்பளத்தில், இருபத்தைந்து வயதுத் தமிழாசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் பாடம் கேட்டும் பாடம் சொல்லியும் வளர்ந்தவர். அதே மகாவித்துவானின் மூத்த மாணவரான தியாகராச செட்டியார், தாம் ஓய்வுபெற்ற இடத்துக்கு இவரைப் பரிந்துரைத்தார். உத்தமதானபுரம் வே. சாமிநாதையரை உ.வே.சா. ஆக்கிய ஊர் எது என்று கேட்டால், நான் தயங்காமல் கும்பகோணம் என்பேன். ஆதீனத்தின் பங்கைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஆதீனம் அவரைப் புலவராக்கியது. பதிப்பாசிரியராக்கியது இந்த ஊர், அதிலும் குறிப்பாக இங்கே மாற்றலாகி வந்த ஒரு முன்சீப், அதாவது உரிமையியல் நீதிபதி.

1880 அக்டோபர் 21-ஆம் நாள், வியாழக்கிழமை, சேலம் இராமசுவாமி முதலியார் என்ற அந்த முன்சீப்பைச் சாமிநாதையர் மரியாதை நிமித்தம் சந்தித்தார். என்னென்ன நூல்கள் படித்தீர்கள் என்று முதலியார் விசாரிக்க, தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று இவர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியாரின் முகத்தில் எந்த வியப்பும் தெரியவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களில் எதையாவது படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்பதே அவர் அறிய விரும்பியது. சாமிநாதையர் அந்நூலை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. பிறகு முதலியாரே பிரதி ஒன்றைத் தேடிக் கொடுத்து, அதைத் தமக்குப் பாடம் சொல்லும்படி கேட்க, பாடம் சொல்வதற்காகப் படிக்கத் தொடங்கியவர் பதிப்பிப்பதற்காகச் சுவடி தேடத் தொடங்கினார். இன்று நாம் சங்க இலக்கியம், ஐம்பெருங்காப்பியம் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அவற்றில் பல நம் கைக்கு வந்து சேர்ந்ததற்கு இந்நகரில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த இந்த உரையாடலும் ஒரு காரணம்.

அந்த முன்சீப் வெறும் இலக்கிய ரசிகர் என்று நினைத்துவிடக் கூடாது. 1885-இல் இந்தியர்களின் கோரிக்கையை ஆங்கிலேய வாக்காளர்களிடம் எடுத்துச் சொல்ல இந்தியாவிலிருந்து இங்கிலாந்து சென்ற பிரதிநிதிகள் மூவரில் அவரும் ஒருவர். மற்ற இருவர் வங்காளத்தின் மன்மோகன் கோஷும் பம்பாயின் என். ஜி. சந்தாவர்க்கரும் ஆவர். இப்படிப்பட்டவரின் பெயரை உ.வே.சா.வின் வாழ்க்கையைப் படித்தவர்கள் மட்டுமே அறிந்திருக்கிறார்கள்.

சிந்தாமணி சமணக் காப்பியம். சைவ மடத்தில் வளர்ந்த சாமிநாதையருக்குச் சொல்லுக்குச் சொல் தடுக்கியது; நச்சினார்க்கினியர் உரையும் எல்லா இடத்திலும் கைகொடுக்கவில்லை. அப்போது இவ்வூரில் வாழ்ந்த சந்திரநாத செட்டியார் என்னும் சமணர் அவரைச் சமணர் வீடு ஒன்றுக்கு அழைத்துப் போனார். வாசலில் மாக்கோலமும் தோரணமுமாக வீடு விழாக்கோலம் பூண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, என்ன விசேஷம் என்று இவர் கேட்க, மாதக்கணக்கில் நடந்துவந்த சிந்தாமணிப் பாராயணம் அன்றைக்கு நிறைவு பெறுகிறது என்று பதில் வந்தது. கல்லூரித் தமிழாசிரியருக்குக் கிடைக்காதிருந்த நூல், அதே ஊரில் சில தெருக்கள் தள்ளி, ஒரு குடும்பத்தின் வழிபாட்டு நூலாக ஓதப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சமணர்கள் சொல்லிக் கொடுத்த விளக்கங்களின் துணையோடு, 1887-இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. அதைத் தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று ஒவ்வொன்றும் அவர் கும்பகோணத்தில் வேலை பார்த்த ஆண்டுகளிலேயே வெளிவந்தன. அச்சுக்கூடம் சென்னையில் இருந்தது. ஏட்டைப் பிரித்து, எழுத்தைக் கூட்டி, பாடபேதம் பார்த்த உழைப்பு இங்கே நடந்தது. இத்தனையும் நடந்த ஊரில், இதைச் சொல்லும் பலகை ஒன்றைப் பதிக்க வேண்டுமென்றால் முதல் பலகை இதற்காகத்தான் இருக்க வேண்டும். அதில் உ.வே.சா.வின் பெயரோடு முதலியாரின் பெயரும் சந்திரநாத செட்டியாரின் பெயரும் இடம்பெற வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

சிந்தாமணி அச்சான அதே ஆண்டின் கடைசியில்தான் ராமானுஜன் பிறந்தார். குழந்தைக்கு ஒரு வயது இருக்கும்போது தாயார் கோமளத்தம்மாள் கும்பகோணத்துக்குத் தூக்கிவந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் இங்கே துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். காங்கேயன் தொடக்கப் பள்ளியில் படித்து, 1897 நவம்பரில் தொடக்கநிலைத் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே அதிக மதிப்பெண் பெற்று, மறு ஆண்டு டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். வருமானத்துக்காக வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்ட கல்லூரி மாணவர்கள், கேட்ட கணக்குகளையெல்லாம் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்துக் கடைசியில் அவர்களிடம் சொல்லித் தர எதுவும் மிச்சமில்லாமல் போனது. 1903-இல் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர்கள் வாங்கிக் கொடுத்த, ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திரத் திரட்டு அவருடைய வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது. மறு ஆண்டு பள்ளியில் கணிதப் பரிசு வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இவனுக்கு முழு மதிப்பெண்ணும் போதாது என்ற பொருள்படப் பேசினார். இவ்வளவும் ஊரார் விரும்பிச் சொல்லும் பகுதி.

ஊரார் அவ்வளவு விரும்பிச் சொல்லாத பகுதியும் உண்டு. 1904-இல் உதவித்தொகையோடு இதே அரசுக் கல்லூரியில் சேர்ந்த அந்த மாணவர், கணிதம் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்து, ஆங்கிலக் கட்டுரையில் தோற்று, உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அவர் படித்த கல்லூரி என்று எழுதுகிறவர்கள், அவரைத் தக்கவைத்துக்கொள்ள முடியாத கல்லூரி என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கல்லூரியைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. விதிப்படி நடந்துகொண்ட ஒரு நிறுவனத்தின் விதிக்குள் அடங்காதவராக ஒரு மாணவர் இருந்தார். அந்த வாசலைக் கடந்து போகும் இன்றைய மாணவர்களில் ஒரு பாடத்தில் மட்டும் தேறி மற்றதில் தவறியவர் ஒருவராவது இருப்பார். அவர் படிக்க வேண்டிய வரி அது.

இங்கே இன்னொரு கவனமும் வேண்டும். உ.வே.சா.வும் ராமானுஜனும் ஒரே கல்லூரியோடு தொடர்புடையவர்கள் என்பதால், ஒருவரிடம் மற்றவர் தமிழ் படித்தார் என்று எழுதிவிட யாருக்கும் கை துறுதுறுக்கும். உ.வே.சா. சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறியது 1903-இன் இறுதியில். ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தது 1904-இன் தொடக்கத்தில். சில வார இடைவெளியில் அந்தச் சந்திப்பு வரலாற்றில் நழுவிப் போயிற்று. நடந்ததாகக் கற்பனை செய்து எழுதுவதைவிட இப்படி நழுவிப் போனதைச் சொல்வதே சுவையான செய்தி என்பது என் கருத்து.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீட்டை 2003-இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவில்லமாக்கியது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2005 முதல் அப்பல்கலைக்கழகம் 32 வயதுக்கு உட்பட்ட கணித அறிஞர்களுக்கு ராமானுஜன் பரிசு வழங்கி வருகிறது. வயது வரம்பு 32 என்று வைத்ததற்குக் காரணம், ராமானுஜன் வாழ்ந்தது அவ்வளவே. முதல் ஆண்டுப் பரிசை மஞ்சுல் பார்கவாவும் கண்ணன் சௌந்தரராஜனும் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு டெரன்ஸ் டாவ், 2008-இல் அக்ஷய் வெங்கடேஷ், 2013-இல் பீட்டர் ஷோல்ட்சே என்று அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் பலர் உலகின் மிக உயர்ந்த கணித விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் பெற்றவர்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 22-ஐ ஒட்டிக் கணித அறிஞர்கள் இந்த ஊரில் கூடுகிறார்கள். ஒரு தனியார் நிறுவனம் ஒரே ஒரு வீட்டைக் காப்பாற்றியதால் ஊருக்கு வந்து சேர்ந்த பயன் இது. மற்ற வீடுகளுக்கு அப்படியொரு புரவலர் வரும்வரை காத்திருக்க முடியாது. திண்ணையும் முற்றமும் தேக்குத் தூணுமாக இருந்த பழைய வீடுகள் பாகம் பிரிந்து, இடிந்து, தூண்கள் பழம்பொருள் வியாபாரிகளின் லாரியில் ஏறி, மனையில் விடுதியோ வணிக வளாகமோ எழும்புவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். வீட்டைக் காப்பாற்றும் வசதி எல்லோருக்கும் இராது. இடத்தின் நினைவைக் காப்பாற்ற ஒரு பலகை போதும்.

ஆண் மேதைகளின் பட்டியலாக இது முடிந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பெயரை அழுத்திச் சொல்கிறேன். கும்பகோணம் பாலாமணி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் குழு நடத்தியவர்; ஆண் வேடங்களையும் பெண்களே ஏற்றார்கள். ‘தாரா சசாங்கம்’ அவருடைய புகழ்பெற்ற நாடகம். அவருடைய நாடகத்தைப் பார்க்க வெளியூர்களிலிருந்து கும்பகோணத்துக்குத் தனி ரயில் விடப்பட்டது என்றும், மக்கள் அதைப் பாலாமணி ஸ்பெஷல் என்றே அழைத்தார்கள் என்றும் நாடகத் துறையினர் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆதரவற்ற பெண்கள் பலருக்கு அவருடைய குழு பிழைப்பாகவும் புகலிடமாகவும் இருந்தது. செல்வத்தின் உச்சத்தில் வாழ்ந்த அவருடைய கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. திரைப்பட நடிகருக்காகக் கூட்டம் கூடுவதை வியந்து பேசும் நாம், சினிமாவுக்கு முந்திய தமிழ்நாட்டில் ஒரு பெண் நடிகைக்காக ரயில் ஓடிய ஊர் நம்முடையது என்பதை ரயில் நிலையத்திலேயே எழுதி வைக்கலாம். ரயில்வே துறையின் இசைவு வேண்டியிருக்கும். மாநகராட்சி ஒரு கடிதம் எழுதினால் அந்த வேலை தொடங்கிவிடும்.

இசையில் வயலின் வித்துவான் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை ஒருவரைச் சொன்னாலே போதும். 1948-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். தொழிலில் ஒரு செய்தி: 1904-இல் இங்கே கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கப்பட்டதுதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. அதன் தலைமையகம் இன்றும் இந்நகரில்தான் இருக்கிறது.

எழுத்தாளர்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1900-இல் பிறந்த ந. பிச்சமூர்த்தியும் 1902-இல் பிறந்த கு. ப. ராஜகோபாலனும் இந்த ஊரின் பிள்ளைகள். குடந்தை இரட்டையர் என்றே இலக்கிய உலகம் இவர்களை அறியும். தமிழ்ப் புதுக்கவிதைக்கு வழி வகுத்த பிச்சமூர்த்தி இங்கே வக்கீல் தொழில் பார்த்தவர். கு.ப.ரா., கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கி அரசு வேலையை விட்டு, பின்னர் சிகிச்சையால் பார்வை மீண்டு, எழுத்தையே பிழைப்பாகக் கொண்டு வறுமைப்பட்டு, 1944-இல் நாற்பத்திரண்டு வயதில் இதே ஊரில் காலமானார். அவருடைய தங்கை கு. ப. சேது அம்மாளும் சிறுகதை எழுதியவர் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். இவர்களுக்கு அடுத்த தலைமுறையில் தி. ஜானகிராமன் இங்கே கல்லூரியில் படித்தார், கரிச்சான் குஞ்சு இங்கே வாழ்ந்தார், எம். வி. வெங்கட்ராம் இங்கேயே பிறந்து, வளர்ந்து, 2000-ஆம் ஆண்டு இங்கேயே மறைந்தார்.

வெங்கட்ராம் சௌராஷ்டிர நெசவாளர் சமூகத்தவர். பட்டு, சரிகை வணிகத்தில் செழித்திருந்தபோது ‘தேனீ’ என்ற இலக்கிய இதழைக் கைப்பணம் போட்டு இந்த ஊரிலிருந்து நடத்தினார். வணிகம் நொடித்த பிறகு, பிழைப்புக்காக நாட்டுத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளைச் சிறு நூல்களாக எழுதிக் குவித்தார். 1993-இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஊர் ஊராகப் பெரியவர்களின் வரலாற்றை எழுதிக் கொடுத்த மனிதருடைய வரலாற்றை, அவர் தெருவில் வசிக்கும் பிள்ளைகள் நான்கு வரியிலாவது படிக்கும்படி செய்வது நம் கடமை.

மாநகராட்சிக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒருவரை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். எம். எஸ். சுவாமிநாதனின் தந்தை டாக்டர் எம். கே. சாம்பசிவன் இந்நகரில் அறுவை மருத்துவராக இருந்தவர். யானைக்கால் நோய்க்குக் கும்பகோணம் பேர்போயிருந்த காலத்தில், மருந்து கொடுப்பதோடு நிற்காமல், தெருவாரியாக மக்களைத் திரட்டிக் கொசு உற்பத்தியாகும் இடங்களை ஒழிக்கும் இயக்கத்தை நடத்தினார். மக்கள் கூடி முயன்றால் எதுவும் நடக்கும் என்பதைத் தந்தையின் அந்த இயக்கத்திலிருந்தே கற்றதாகச் சுவாமிநாதன் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பசுமைப் புரட்சியின் முன்னோடிக்குப் பாரத ரத்னா கிடைத்த செய்தி 2024-இல் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் பதினொரு வயதில் இழந்த தந்தையைப் பற்றி ஊரிலேயே பலருக்குத் தெரியாது. இந்த ஒரு பலகையை மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவின் வாசலில் வைக்கலாம். கொசு இன்னும் நம்மோடுதான் இருக்கிறது என்பதால் அது பொருத்தமாகவும் இருக்கும்.

இனி, செய்யும் முறை பற்றி. சிலைகள் வேண்டாம். சிலைக்கு இடம் வேண்டும், பெரும்பணம் வேண்டும், பிறந்த நாளுக்கு மாலை வேண்டும்; மற்ற நாட்களில் அதன் பீடத்தில் யாரும் எதையும் படிப்பதில்லை. லண்டன் மாநகரில் புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளில் வட்டமான சிறு பலகை பதிக்கும் திட்டம் தொடங்கியது 1866-இல், அதாவது கும்பகோணம் நகராட்சியான அதே ஆண்டில். அங்கே ஒரு பெயர், ஆண்டு, தொழில், அங்கே வாழ்ந்த காலம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நமக்கு இன்னும் இரண்டு வரி கூடுதலாகத் தேவைப்படலாம். அதற்கு மேல் வேண்டாம். வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும்படி எனாமல் தகட்டிலோ கருங்கல்லிலோ, நின்று படிக்கும் உயரத்தில், தமிழில் பெரிதாகவும் ஆங்கிலத்தில் சிறிதாகவும் எழுதினால் போதும். க்யூஆர் கோடு மட்டும் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிட வேண்டாம். அது இரண்டு ஆண்டில் வேலை செய்யாமல் போகும், சுவரில் எழுதியது நிற்கும். திறந்து வைத்தவர்களின் பெயர்ப் பட்டியல் பலகையின் பாதியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தை இந்த ஒரு திட்டத்திலாவது தவிர்க்க முடியுமானால், மாமன்ற உறுப்பினர்களுக்கு ஊர் என்றும் நன்றியோடிருக்கும்.

எழுதப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று வேண்டும். பிறந்தார், வளர்ந்தார், படித்தார், பணியாற்றினார், தங்கினார் என்பவை வெவ்வேறு செய்திகள்; ஒன்றின் இடத்தில் இன்னொன்றை எழுதக் கூடாது. சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் அலுவலகத்திலேயே பழைய வீட்டுவரிப் பதிவேடுகளும் பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் இருக்க வேண்டும். கல்லூரியிலும், 1864-இல் தொடங்கிய டவுன் ஹைஸ்கூலிலும், 1876-இல் தொடங்கிய நேட்டிவ் ஹைஸ்கூலிலும் சேர்க்கைப் பதிவேடுகள் இருக்க வேண்டும். வலங்கைமானில் பிறந்து நேட்டிவ் பள்ளியில் படித்த சீனிவாச சாஸ்திரி போன்றவர்களை அங்கே தேடலாம். கல்லூரி வரலாற்றுத் துறை, தமிழ்த் துறை ஆசிரியர்கள், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக அறிஞர்கள், ஊரின் மூத்த வாசகர்கள் ஆகியோரில் ஏழெட்டுப் பேரைக் கொண்டு சம்பளமில்லாத குழு ஒன்றை அமைத்தால், அவர்கள் மகிழ்ச்சியோடு இந்த வேலையைச் செய்வார்கள். குழு ஒப்பாத எதுவும் சுவரில் ஏறக் கூடாது. வீடு இடிந்துபோய் வேறு கட்டடம் வந்திருந்தால், அந்த வீடு இருந்த இடம் என்று உண்மையை எழுதலாம். தெரு மட்டும் தெரிந்து கதவு எண் தெரியாவிட்டால், பலகையைத் தெரு முனையில் வைக்கலாம்.

வீட்டு உரிமையாளர்களின் அச்சத்தையும் நான் அறிவேன். பலகை வந்தால் நாளை இடிக்க முடியாது, விற்க முடியாது, அரசு எடுத்துக்கொள்ளும் என்று நினைப்பார்கள். அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு மட்டுமே பலகை வைக்கப்படும், அதனால் அவர்களுடைய உரிமை எதுவும் பாதிக்கப்படாது என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். முடிந்தால், பலகையைப் பராமரிக்கும் வீடுகளுக்குச் சொத்துவரியில் சிறு சலுகை கொடுங்கள். சம்மதிக்காதவர்களை வற்புறுத்த வேண்டாம். எதிர்ச் சுவரோ மின்கம்பமோ போதும்.

சாலை அகலப்படுத்தும்போதும் புதுப் பெயர் சூட்டும்போதும் பழைய தெருப் பெயர்களை எடுத்துவிடாதீர்கள் என்பதையும் இத்தோடு சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். டபீர் தெரு, மடத்துத் தெரு, பக்தபுரித் தெரு என்று பழைய கடிதங்களிலும் நூல்களிலும் வரும் முகவரிகளைத் தேடிப் பிடிக்க நமக்கு இருக்கும் ஒரே துணை அந்தப் பெயர்கள்தாம்.

அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, குழுவை அமைத்து, முதல் கட்டமாக ஆறு பலகைகளுக்கு மட்டும் அனுமதி கொடுக்குமாறு வேண்டுகிறேன். உ.வே.சா.வுக்கும் முன்சீப் இராமசுவாமி முதலியாருக்கும் சந்திரநாத செட்டியாருக்கும் சேர்த்து ஒன்று; கல்லூரி வாசலில் ராமானுஜனுக்கு ஒன்று; போர்ட்டருக்கு நகர மண்டபத்தில் ஒன்று; பாலாமணிக்கு ரயில் நிலையத்தில் ஒன்று; டாக்டர் சாம்பசிவனுக்குச் சுகாதாரப் பிரிவில் ஒன்று; கு.ப.ரா.வுக்கும் பிச்சமூர்த்திக்கும் சேர்த்து ஒன்று. இந்த ஆறுக்கும் தேவையான செய்திகளைத் திரட்டி, சான்றுகளின் நகல்களோடு உங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்க நானும் என் ஆசிரிய நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். எந்தப் பிரிவில், எந்த அலுவலரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
மாநகராட்சிக்கு வரி செலுத்தும் கும்பகோணத்துக்காரன் ஒருவன்